ஒரு நாளைக்கு எத்தனை கலோரி? மூன்று இடத்தில் மூன்று கணக்கு வருகிறது

கொட்டகலை அக்கா

எல்லோருக்கும் வணக்கம். வயது 36, உயரம் 154 சென்டிமீற்றர், நிறை 68 கிலோ. கிளினிக்கில் உடல் நிறைச் சுட்டி (பிஎம்ஐ, உயரத்துக்கு நிறை எவ்வளவு என்று காட்டும் எண்) 28.7 என்று எழுதி, "நிறையைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எப்படி என்று கேட்க வழியில்லை, பின்னால் வரிசை நிற்கிறது.

சரி, நாமே பார்ப்போம் என்று போனில் தேடினேன். ஒரு ஆப் எனக்கு நாளொன்றுக்கு 2,017 கலோரி தேவை என்கிறது. ஒரு இணையதளம் 1,706 என்கிறது. இன்னொன்று 1,562. மூன்றிலும் கொடுத்தது அதே வயது, அதே உயரம், அதே நிறை. பெரியதற்கும் சின்னதற்கும் இடையில் 450 கலோரி. இதில் எதை வைத்துக்கொண்டு சாப்பாட்டைக் குறைப்பது?

வேலை அட்டன் டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுவது. காலையிலிருந்து பின்னேரம்வரை கதிரைதான். ஆனால் பஸ்ஸில் இறங்கினால் வீட்டுக்கு நல்ல ஏற்றம், தினமும் மூச்சு வாங்க ஏறுகிறேன். அதனால் ஆப்பில் உழைப்பு "மிதம்" என்று போட்டேன். மற்ற இரண்டிலும் "உட்கார்ந்த வேலை" என்று போட்டேன்.

இன்னொன்று. அம்மா ரிட்டயர் ஆகும்வரை தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். எங்கள் வீட்டில் இன்றும் அடுப்பு எரிவது கொழுந்து மலைக்குப் போகிறவர்களுக்குத்தான். காலையில் இரண்டு ரொட்டி, சம்பல், பகலைக்குச் சோறு, இரவுக்கு மறுபடி ரொட்டி. மலைக்குத்தான் இப்போது யாரும் போவதில்லை.

பதுளைக் கணக்கு

அக்கா, மூன்றையும் பிரித்துப் பார்த்தால் குழப்பம் போய்விடும். இது இரண்டு படிக் கணக்கு.

முதல் படி, நீங்கள் நாள் முழுக்கப் பாயில் படுத்தே கிடந்தாலும் இதயம், மூளை, ஈரல் எல்லாம் ஓடத் தேவையான சக்தி. பள்ளிக்கூடத்தில் அடிப்படை அனுசேப வீதம் என்று படித்தோமே, அதுதான். இரண்டாம் படி, அதை உழைப்புக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்குவது.

முதல் படிக்கு இப்போது அதிகம் பாவிப்பது 1990இல் வந்த மிஃப்ளின் சூத்திரம். நிறையைக் கிலோவில் எடுத்து 10ஆல் பெருக்குங்கள். உயரத்தைச் சென்டிமீற்றரில் எடுத்து 6.25ஆல் பெருக்கி அதோடு கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். கடைசியாக ஆண் என்றால் 5ஐக் கூட்ட வேண்டும், பெண் என்றால் 161ஐக் கழிக்க வேண்டும்.

உங்களுக்கு: 680 + 962.5 − 180 − 161 = 1,301.5. சுமார் 1,300.

இதை 1.2ஆல் பெருக்கினால் 1,562. உங்கள் கடைசி இணையதளம் செய்தது அதுதான். 1.55ஆல் பெருக்கினால் 2,017, அது ஆப். நடுவில் இருக்கும் 1,706 மட்டும் வேறு வழியில் வந்தது. அது 1919இல் வெளிவந்த ஹரிஸ்-பெனடிக்ட் சூத்திரம். அதில் உங்கள் படுக்கைக் கணக்கே 1,422 வரும், அதை 1.2ஆல் பெருக்கியிருக்கிறார்கள்.

இப்போது பாருங்கள். சூத்திரம் மாறியதால் வந்த வித்தியாசம் 145 மாதிரி. பெருக்கும் எண் மாறியதால் வந்த வித்தியாசம் 450. ஆட்கள் எந்தச் சூத்திரம் நல்லது என்று சண்டை பிடிப்பார்கள், ஆனால் பிசகு நடப்பது பெருக்கும் இடத்தில்.

அந்த எண்கள்: உட்கார்ந்தே வேலை என்றால் 1.2, லேசாக நடமாட்டம் இருந்தால் 1.375, மிதமாக 1.55, கடினமாக 1.725, உடலை முறிக்கும் வேலை 1.9. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து போட்ட அட்டவணை கொஞ்சம் வேறு. அதில் உட்கார்ந்த வாழ்க்கைக்கே 1.4இலிருந்துதான் தொடங்குகிறது. சமைப்பது, துணி துவைப்பது, கடைக்குப் போவது எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஒரு பெண் வீட்டுக்கு வந்து சும்மா உட்காருகிறாளா என்ன? அதனால் 1.2 என்பது நம் வீடுகளில் யாருக்கும் பொருந்தாது என்பது என் எண்ணம். நோயில் படுத்தவருக்கு வேண்டுமானால் சரி.

அக்கரப்பத்தனை மாமா

நாங்கள் எல்லாம் கலோரியா எண்ணினோம்? தோட்டத்தில் அரிசியும் மாவும் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். கிடைத்ததைச் சாப்பிட்டோம். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) தொப்பை வைத்த ஆளைப் பார்க்க வேண்டும் என்றால் ஸ்டோர் பக்கம் கணக்கப்பிள்ளையைத்தான் போய்ப் பார்க்க வேண்டும். இப்போது பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு, போனிடமே எவ்வளவு சாப்பிட்டேன் என்று கேட்கிறார்கள்.

பதுளைக் கணக்கு

மாமா, கணக்கப்பிள்ளைக்குத் தொப்பை ஏன் வந்தது என்பதுதானே இங்கே பேச்சே! அவர் சாப்பிட்டதும் அதே ரொட்டிதான்.

கொட்டகலை அக்கா

மாமா சொல்வதும் ஒரு விதத்தில் சரிதான். தம்பி, அப்படியானால் என் ஏற்றத்துக்கு என்ன மரியாதை? போனில் உயரம் பார்த்தேன். ரோட்டுக்கும் வீட்டு வாசலுக்கும் 80 மீற்றர் உயர வித்தியாசம். ஏறி முடிக்கும்போது நெஞ்சு அடிக்கிறது. அதுக்குமா 1.55 கிடையாது?

பதுளைக் கணக்கு

கிடையாது அக்கா. பௌதிகம் கொஞ்சம் கறாரானது.

ஒரு கிலோவை 100 மீற்றர் உயரத்துக்குத் தூக்க 980 ஜூல் வேண்டும். அது 0.23 கலோரி (உணவில் சொல்கிற கலோரி, அதாவது கிலோ கலோரி). ஆனால் நம் தசை செலவழிக்கும் சக்தியில் கால்வாசிதான் வேலையாகிறது, மிச்சம் சூடாகப் போய்விடும். ஆக நாலு மடங்கு செலவு, ஏறக்குறைய 1 கலோரி. மனதில் வைத்துக்கொள்ள நல்ல கணக்கு இது: உங்கள் நிறை எத்தனை கிலோவோ, 100 மீற்றர் ஏற ஏறக்குறைய அத்தனை கலோரி.

68 கிலோ, 80 மீற்றர். 54 கலோரி. பையும் மரக்கறியும் தூக்கிக்கொண்டு ஏறினால் 58, 60 என்று வையுங்கள். பிளேன்டீ ஒன்றில் கும்பாரமாக இரண்டு கரண்டி சீனி போட்டால் ஏறக்குறைய 50. வீட்டு வாசலில் ஏறி நின்று "அப்பாடா" என்று ஒரு தேத்தண்ணி குடித்தால் ஏற்றம் தீர்ந்தது.

சிவனொளிபாத மலைக்கும் இதையே போட்டுப் பாருங்கள். நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை சுமார் ஆயிரம் மீற்றர் ஏற்றம். உச்சி 2,243 மீற்றர். உங்களுக்கு ஏறுவதற்கு மட்டும் 680 கலோரி, படிகளுக்கு இடையில் நடக்கும் தூரத்துக்கு இன்னும் கொஞ்சம். இரவு முழுக்க ஏறி, இறங்கி வந்து, "இவ்வளவு ஏறினோமே" என்று அட்டனில் ஒரு கொத்து ரொட்டி சாப்பிட்டால் மலை ஏறிய கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். புண்ணியம் மட்டும் மிச்சம்.

மூச்சு வாங்குவது வேகத்தைக் காட்டும். மொத்தச் செலவைக் காட்டாது. மொத்தத்தைத் தீர்மானிப்பது மணித்தியாலம். பதினைந்து நிமிடம் நெஞ்சு அடிக்க ஏறுகிறவரைவிட, மூச்சே வாங்காமல் எட்டு மணித்தியாலம் சரிவில் நின்று கொழுந்து எடுக்கிறவர் பல மடங்கு செலவழிக்கிறார்.

கொழுந்துக்கூடை

இந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத வந்தேன். என் அம்மாவுக்கு 52 வயது. 148 சென்டிமீற்றர், 45 கிலோ. இன்னும் மலைக்குப் போகிறார். சீனி வருத்தம் (நீரிழிவு) இருக்கிறது, குளிசை போடுகிறார். கிளினிக்கில் ஒரு உணவுத்தாள் கொடுத்தார்கள். போட்டோக்கொப்பி. மேலே 1,200 கலோரி என்று இருந்தது. காலையில் இரண்டு துண்டு பாண், பருப்பு. அம்மா அதைச் சாமி வாக்கு மாதிரி எடுத்துக்கொண்டு ரொட்டியை நிறுத்தினார். பத்து மணிக்குச் சரிவில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நிரையில் நின்ற பெரியம்மா சீனித் தண்ணி கலக்கிக் கொடுத்தாராம்.

கங்காணி அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், போட முடியும் என்றார். அது வேறு கதை.

என் கேள்வி இதுதான். 45 கிலோ ஆளை ஏன் மெலியச் சொல்கிறார்கள்? அவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்?

பதுளைக் கணக்கு

உங்கள் அம்மாவுக்குப் படுக்கைக் கணக்கு: 450 + 925 − 260 − 161 = 954. நாள் முழுக்கச் சரிவில் நிற்கிறவர், கூடையைச் சுமக்கிறவர், அப்புறம் வீட்டு வேலையும் பார்க்கிறவர். 1.8 என்று வைத்தால் 1,717. அந்தத் தாளுக்கும் இவருக்கும் இடையில் 500 கலோரி பள்ளம். யாரோ டவுனில் உட்கார்ந்து வேலை செய்கிற, நிறை கூடிய ஒருவருக்கு எழுதிய தாள் அது.

வேடிக்கையைப் பாருங்கள். கொட்டகலை அக்கா 23 கிலோ கூட, 16 வயது இளமை, உயரமும் கூட. ஆனாலும் இரண்டு பேருக்கும் தேவை கிட்டத்தட்ட ஒன்றாக வந்து நிற்கிறது.

குளிசை விஷயம் எனக்குத் தெரியாது. தாதி அக்கா இருந்தால் சொல்லட்டும்.

மலைநாட்டுத் தாதி

இருக்கிறேன். வார்டில் நின்றதால் இப்போதுதான் பார்த்தேன்.

தங்கச்சி, முதலில் குளிசையின் பெயரைப் பாருங்க. மெட்போர்மின் மட்டும் என்றால் சீனி ஒரேயடியாகக் கீழே போவது அபூர்வம். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் மாதிரி ஏதாவது இருந்தால், சாப்பாட்டைக் குறைத்துவிட்டுக் குளிசையை மட்டும் அப்படியே போட்டு மலையில் வேலை செய்தால் சீனி இறங்கும். இன்சுலினும் அப்படித்தான். அடுத்த கிளினிக் தேதிவரை காத்திருக்க வேண்டாம், முன்னாலேயே போய், "அம்மா கொழுந்து எடுக்கிறவங்க, காலை ஆறு மணிக்குச் சாப்பிட்டால் பிறகு பன்னிரண்டுக்குத்தான், நடுவில் தலை சுற்றியது" என்று வாயால் சொல்லுங்க. அட்டையைப் பார்க்கிறவருக்கு அது தெரிய வழியில்லை. குளிசையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

அதுவரைக்கும் காலைச் சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது. மடியில் ஒரு சின்னப் பக்கட்டில் சீனி இருக்கட்டும். கை நடுங்கி, வேர்த்து, தலை சுற்றினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கலக்கிக் குடிக்கணும். பதினைந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு தரம். சரியானதும் ரொட்டியோ பிஸ்கட்டோ ஏதாவது சாப்பிடணும். தனியாக எழும்பி நடக்க விடக் கூடாது.

உங்கள் அம்மாவின் சுட்டி 20.5. அவர் மெலியத் தேவையே இல்லை. சீனி வருத்தம் என்றால் எல்லாரும் மெலியணும் என்று ஒரு நினைப்பு எங்கள் ஆட்களிடமும் இருக்கிறது, நோயாளிகளிடமும் இருக்கிறது. அவருக்கு வேண்டியது சாப்பாட்டின் அளவைக் குறைப்பதல்ல, உள்ளே என்ன இருக்கிறது என்பதை மாற்றுவது. ஒரு ரொட்டியைக் குறைத்தால் அந்த இடத்தில் பருப்போ அவித்த கடலையோ முட்டையோ வரணும். வெறும் சம்பலோடு நிறுத்தக் கூடாது.

கொட்டகலை அக்காவுக்கு: ஆசியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5ஐத் தாண்டினால் அது அதிக ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனம் 2004இல் எல்லை சொன்னது. அதனால் 28.7ஐ லேசாக விட முடியாது. ஒரு அளவு நாடா வாங்கி இடுப்பையும் அளந்து எழுதுங்க. நம் பெண்களுக்கு 80 சென்டிமீற்றர், ஆண்களுக்கு 90 என்பது எல்லை. 35 வயது தாண்டியதால் ஆரோக்கிய வாழ்வு நிலையத்துக்கும் போகலாம். அங்கே அழுத்தம், சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். வரிசையும் ஓபிடி மாதிரி இருக்காது. மாதவிடாய் ஒழுங்கில்லை, முடி கொட்டுது, எந்நேரமும் அசதி என்றால் தைரொயிட்டும் பார்க்கச் சொல்லுங்க.

இன்னொரு முக்கியமான விஷயம். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் இந்தக் கணக்கு உங்களுக்கில்லை. உங்களுக்கு நாளுக்கு 500 கலோரி மாதிரி கூடுதலாகத் தேவை. கர்ப்பிணிகள் நிறை குறைக்கவே கூடாது, மிட்வைஃபிடம் பேசுங்க.

நோர்வுட் தம்பி

எனக்கு எதிர்ப்பக்கப் பிரச்சினை. 22 வயது, 170 சென்டிமீற்றர், 52 கிலோ. த்ரீவீல் ஓட்டுகிறேன், பின்னேரத்தில் ஜிம். எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறுவதில்லை. ஜிம்மில் ஒரு அண்ணன் புரோட்டீன் டப்பா வாங்கச் சொல்கிறார். அதன் விலைக்கு வீட்டில் ஒரு மாதச் சாமான் வாங்கலாம்.

பதுளைக் கணக்கு

520 + 1,062.5 − 110 + 5 = 1,477.5. ஜிம் இருப்பதால் 1.55 போடலாம், 2,290. நிறை ஏற அதன்மேல் 300 இலிருந்து 500. ஆக 2,600 பக்கம் போகணும். "எவ்வளவு சாப்பிட்டாலும்" என்கிற ஆட்களை எழுதச் சொன்னால் பெரும்பாலும் பகல் சாப்பாடு காணாமல் போயிருக்கும். ஹயர் வந்தால் பகலைக்கு ரோல்ஸும் பிளேன்டீயும்தானே?

டப்பா வேண்டாம். ஒரு கைப்பிடி கச்சான் (நிலக்கடலை), 30 கிராம், 170 கலோரி. இரண்டு முட்டை 150. முழு ஆடைப் பால்மா இரண்டு மேசைக்கரண்டி போட்டால் 75, 80. வாழைப்பழம் 100. த்ரீவீலில் கச்சான் பக்கட் வைத்துக்கொண்டால் முடிந்தது.

மலைநாட்டுத் தாதி

தம்பி, சுட்டி 18.0, இது குறைநிறை. முன்னால் நல்லா இருந்து இப்போது மெலிந்துபோனதா, எப்போதும் இப்படித்தானா? மெலிந்தது என்றால், அதிலும் இருமலோ ராத்திரிக் காய்ச்சலோ இருந்தால் கலோரி எண்ணாமல் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்க.

நோர்வுட் தம்பி

எப்போதும் இப்படித்தான் அக்கா. இருமல் ஒன்றுமில்லை. பகல் சாப்பாடு விஷயம் உண்மைதான், எப்படிக் கண்டுபிடித்தாரோ.

நுவரெலியா பனி

குளிரில் இருந்தால் கலோரி எரியும் என்கிறார்களே? நாங்கள் 1,868 மீற்றரில் இருக்கிறோம். ஜனவரியில் விறைத்துப்போகிறோம். அதற்கு ஏதாவது கூட்டலாமா?

பதுளைக் கணக்கு

பல் கிடுகிடுக்க நடுங்கினால் எரியும். ஸ்வெட்டர், மப்ளர், கம்பளி எல்லாம் போட்டுக்கொண்டு அடுப்படியில் இருந்தால் சொல்லும்படி ஒன்றுமில்லை. குளிரில் பசி கூடும், தேத்தண்ணியும் கூடும். கூட்டல் கழித்தல் பார்த்தால் நீங்கள்தான் கடன்காரர்.

கொட்டகலை அக்கா

சரி, செலவு பக்கம் விளங்கிவிட்டது. இப்போது வரவு பக்கம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு தராசு வைத்தேன். கடையில் மசாலா நிறுக்கும் சின்னத் தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்தேன்.

எங்கள் வீட்டில் அரைக் கிலோ மாவுக்கு அரைத் தேங்காய் துருவிப் போடுவார்கள். அம்மா வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்து ஆறு உருண்டை பிடிப்பார். மெல்லிசாகத் தட்டினால், "இது என்ன அப்பளமா" என்பார். கோதுமை மா 100 கிராமுக்கு 364 கலோரி, ஆக மாவு மட்டும் 1,820. தேங்காய்ப்பூ 150 கிராம் வந்தது, 530. மொத்தம் 2,350. ஆறால் பிரித்தால் ஒரு ரொட்டி 390!

காலையில் இரண்டு, இரவில் இரண்டு. 1,560. மூன்று இணையக் கணக்கில் ஒன்று ரொட்டியிலேயே முடிந்துவிட்டது. பகலைக்குச் சோறு, கறி, நாலைந்து தேத்தண்ணி எல்லாம் இதற்கு மேலே. அம்மாவிடம் சொன்னேன். "அதைச் சாப்பிட்டுத்தான் ஒரு நாளைக்கு இருபது கிலோ எடுத்தேன்" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது.

வெலிமடை மரக்கறி

அக்கா நிறுத்தது நல்ல வேலை. நான் தோட்டம் செய்கிறவன், என் பங்குக்குச் சொல்கிறேன். கோவா (முட்டைக்கோஸ்) 100 கிராமுக்கு 25 கலோரி. கரட் 41. லீக்ஸ் 61. உருளைக்கிழங்கு கொழுப்பு என்று ஆட்கள் பயப்படுகிறார்கள். அவித்த கிழங்கு 100 கிராமுக்கு 90ஐத் தாண்டாது, சோற்றைவிடக் குறைவு. சோறு 130. கிழங்கைக் கெடுப்பது நாம்தான். தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி, தாளிக்கும்போது யாரும் கரண்டியால் அளப்பதில்லை, போத்தலைச் சரிக்கிறார்கள்.

குரக்கன் ரொட்டி சாப்பிட்டால் மெலியலாம் என்பதும் அப்படித்தான். குரக்கன் மாவும் கோதுமை மாவும் கலோரியில் கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கத்தில். குரக்கனில் நார் கூட, வயிறு நிறைந்து நிற்கும், சீனி மெதுவாக ஏறும். அது நல்லதுதான். ஆனால் நாலு குரக்கன் ரொட்டி நாலு ரொட்டிதான். சிவப்பரிசிக்கும் இதே நியாயம்.

அக்கரப்பத்தனை மாமா

அப்போ தண்ணி? அதாவது போத்தல்?

பதுளைக் கணக்கு

மாமா, மதுசாரம் கிராமுக்கு 7 கலோரி. மாவும் சீனியும் 4, கொழுப்பு 9. கால் போத்தல் சாராயத்தில் 300க்கு மேல் போகும். கூடவே கடிக்கிற பொரித்த கடலையையும் இறைச்சி டெவலையும் நான் எழுதவில்லை.

அக்கரப்பத்தனை மாமா

எழுத வேண்டாம்.

பதுளைக் கணக்கு

கொட்டகலை அக்கா, இப்போது உண்மையான வேலை. சூத்திரம் தருவது தொடக்கப் புள்ளி மட்டும். மிஃப்ளின் கணக்கு அமெரிக்கர் 498 பேரை அளந்து செய்தது. பழைய சூத்திரங்கள் தென்னாசியருக்கு நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பது பல இடங்களில் அளந்து பார்த்த விஷயம். நம் உடம்பில் அதே நிறைக்குத் தசை குறைவு. அதனால் உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு கொப்பி எடுங்கள். நாலு கிழமைக்குச் சாப்பிடுவதையெல்லாம் எழுதுங்கள். 1,600 அளவில் நிற்கப் பாருங்கள், முன்னே பின்னே போனாலும் பரவாயில்லை, எழுதுவதை மட்டும் விடாதீர்கள். காலையில் கழிவறை போன பிறகு, ஒன்றும் குடிக்காமல், ஒரே தராசில் நிறை பாருங்கள். ஒரு நாள் நிறையை நம்பாதீர்கள். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் உப்பு தண்ணீரைப் பிடித்து ஒரு கிலோ ஏறிக் காட்டும், மாதவிடாய்க்கு முன்னாலும் ஏறும். கிழமைச் சராசரியைக் கிழமைச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

உடல் கொழுப்பு ஒரு கிலோ ஏறக்குறைய 7,700 கலோரி. குறைந்த கிலோவை 7,700ஆல் பெருக்கி, நாட்களால் வகுத்து, சராசரியாகச் சாப்பிட்டதோடு கூட்டினால் வருவதுதான் உங்கள் நிஜத் தேவை. எந்த ஆப்பும் தராது.

கொட்டகலை அக்கா

திரும்பி வந்துவிட்டேன். கொப்பி முடிந்தது. நடுவில் கோயில் திருவிழா வந்தது, அதையும் எழுதினேன். மோதகம் உட்பட.

சாப்பிட்ட சராசரி 1,620. நிறைச் சராசரி 68.0 இலிருந்து 67.2. எண்ணூறு கிராம்தான் குறைந்தது என்று முதலில் மனசு விட்டுப்போனது. அப்புறம் கணக்குப் போட்டேன். 0.8 ஐ 7,700ஆல் பெருக்க 6,160. 28ஆல் வகுக்க 220. 1,620ஓடு கூட்டினால் 1,840.

செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. அரைக் கிலோ மாவுக்கு ஆறு உருண்டைக்குப் பதில் ஒன்பது. தேங்காய் பாதி. காலையில் இரண்டு, இரவில் ஒன்று, கூடவே பருப்பும் கோவாச் சுண்டலும். தேத்தண்ணிக்குச் சீனியைக் கலக்காமல் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக் கடித்துக் குடிக்கிறேன், அப்பா குடித்த மாதிரி. அரைக் கரண்டியில் ஒரு கோப்பை போகிறது.

பதுளைக் கணக்கு

பிரமாதம். 1,840ஐ 1,300ஆல் வகுத்துப் பாருங்கள், 1.41. ஆப்பின் 1.55உம் இல்லை, இணையதளத்தின் 1.2உம் இல்லை. ஏற்றம், வீட்டு வேலை எல்லாம் அந்த நடுவில் இருக்கிறது.

எழுதும்போது எல்லாரும் கொஞ்சம் விட்டுத்தான் எழுதுவார்கள். ருசி பார்த்தது, பிள்ளையின் தட்டில் மிச்சம் வைத்தது. அதனால் நிஜத் தேவை 1,840ஐவிடக் கூட இருக்கலாம். கவலை வேண்டாம். அதே ஆள், அதே கொப்பி, அதே மாதிரி விட்டு எழுதுகிறவரை உங்கள் கொப்பிக் கணக்கில் 1,840 என்பது செல்லும்.

கொட்டகலை அக்கா

அப்படியானால் 1,300க்கு இறக்கினால் சீக்கிரம் முடியுமா? சித்திரைக்குள் 60 ஆக்கலாம் என்று ஒரு ஆசை.

மலைநாட்டுத் தாதி

வேண்டாம் அக்கா. முதல் மாதம் தராசு நல்லா இறங்கும், பாதி தண்ணியும் தசையும்தான். தசை போனால் படுக்கைக் கணக்கே இறங்கும், பிறகு கொஞ்சம் சாப்பிட்டாலும் ஏறும். பித்தப்பைக் கல்லும் வேகமாக மெலிகிறவர்களுக்கு அதிகம் வரும். 1,500க்குக் கீழே நீங்களாக இறங்க வேண்டாம். மாதத்துக்கு ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ போதும். முட்டை, பருப்பு, நெத்தலி, சோயா ஏதாவது ஒன்று மூன்று வேளையும் தட்டில் இருக்கணும்.

60 கிலோ ஆகும்போது தேவையும் குறைந்திருக்கும் என்பதையும் இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்க.

பதுளைக் கணக்கு

எட்டுக் கிலோ குறைந்தால் படுக்கைக் கணக்கில் 80 போகும். 1.41ஆல் பெருக்கினால் 110 கலோரி மாதிரி. 1,840 அப்போது 1,730 ஆகிவிடும். அதனால் நாலைந்து கிலோவுக்கு ஒரு தரம் கணக்கைத் திரும்பப் போடுங்கள். பலர் நடுவில் நிறை நின்றுபோனது என்று கைவிடுவது இந்த இடத்தில்தான்.

கொழுந்துக்கூடை

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னோம். குளிசையை மாற்றிக் கொடுத்தார்கள், பழைய தாளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது காலையில் ஒன்றரை ரொட்டியும் பருப்பும், பத்து மணிக்கு அவித்த கடலை. தலைசுற்று வரவில்லை. இரண்டு வருடத்தில் மலைக்குப் போவதை நிறுத்தப்போகிறார். அப்போது இதே சாப்பாடு தொடரலாமா?

பதுளைக் கணக்கு

தொடர முடியாது. 954ஐ 1.8ஆல் பெருக்கியது அப்போது 1.4 ஆகும். நாளுக்கு 380 கலோரி மிச்சம் விழும், ஒன்பது உருண்டைக் கணக்கில் பார்த்தாலும் ஒரு முழு ரொட்டிக்கு மேல். பேர் நின்ற அந்த மாதத்திலேயே குறைக்கச் சொல்லுங்கள். குளிசையையும் அப்போது திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும், வேலை செய்த உடம்புக்குக் கொடுத்த அளவு அது.

நோர்வுட் தம்பி

எனக்கு ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது. கச்சான் விலைதான் ஏறிக்கொண்டே போகிறது.